சுவேக்காவில் வீடு பார்க்கிறோம்: ஆஸ்துமா உள்ள குழந்தைக்கு எந்த மாதங்கள் சிரமம்?

புதுவரவு:

எல்லோருக்கும் வணக்கம். என் கணவருக்கு ஸ்பெயினில், வலென்சியா பாலிடெக்னிக் பல்கலைக்கழகத்தில் வேலை கிடைத்திருக்கிறது. செப்டம்பர் தொடக்கத்தில் கிளம்புகிறோம். நகரத்துக்குள் வாடகை எங்களுக்குக் கட்டுப்படியாகாது. அதனால் தெற்கே சுவேக்கா என்ற ஊரில் வீடு பார்த்துக்கொண்டிருக்கிறோம். காந்தியா போகும் சி-1 ரயில் அங்கே நிற்கிறது, வாடகையும் பரவாயில்லை. வரைபடத்தில் பார்த்தால் ஊரைச் சுற்றி நெல்வயல், ஆரஞ்சுத் தோட்டம், கிழக்கே கொஞ்ச தூரத்தில் கடல்.

வீட்டுத் தரகர் பேச்சுவாக்கில் ஒரு விஷயம் சொன்னார். அறுவடை முடிந்ததும் வயலில் வைக்கோலைக் கொளுத்துவார்களாம், அக்டோபரில் கொஞ்சம் புகை இருக்குமாம், பழகிவிடுமாம். என் மகளுக்கு ஏழு வயது, ஆஸ்துமா இருக்கிறது. சென்னையில் போகி விடியற்காலைப் புகைக்கே நெபுலைசர் வைக்க வேண்டிவரும். இந்தக் ‘கொஞ்சம் புகை’ எவ்வளவு? அக்டோபர் மட்டும்தானா, வேறு மாதங்களும் உண்டா? அந்தப் பக்கம் இருப்பவர்கள் சொல்லுங்கள்.

ரிபேராவாசி:

நான் சுவேக்காவில்தான் இருக்கிறேன். தரகர் சொன்னது பொய்யில்லை, ஆனால் பழகிவிடும் என்று ஆஸ்துமா உள்ள குழந்தையின் அம்மாவிடம் சொல்லியிருக்கக் கூடாது. புகைக்கு நுரையீரல் பழகாது.

செப்டம்பரிலிருந்து தொடங்குகிறேன், நீங்கள் வரும் மாதமும் அதுதான். செப்டம்பர் முழுக்க அறுவடை. அப்போது புகை இல்லை, தூசு உண்டு. அறுவடை இயந்திரங்கள் வயலில் ஓடும்போதும், டிராக்டர்கள் நெல்லை உலர்த்தும் இடத்துக்குக் கொண்டுபோகும்போதும் உமித்தூள் பறக்கும். என் மாடியில் காயப்போட்ட துணியைத் தொட்டாலே சுணை தெரியும். நம் ஊர்க் களத்துமேட்டில் நின்றவர்களுக்கு அந்த அரிப்பு தெரிந்திருக்கும்.

பிறகுதான் வைக்கோல். அல்புஃபேரா ஏரியைச் சுற்றிய நெல்வயல்கள் மொத்தம் ஏறக்குறைய 15,000 ஹெக்டேர். ஹெக்டேருக்கு ஐந்து டன் வைக்கோல் என்று குறைத்து வைத்தாலும் 75,000 டன் வருகிறது. அத்தனையும் சில வாரங்களுக்குள் எங்காவது போய்ச் சேர வேண்டும், ஏனென்றால் நவம்பர் தொடக்கத்தில் மதகுகளை மூடி வயல்களில் தண்ணீர் கட்டிவிடுவார்கள். குளிர்காலம் முழுக்க வயல் ஏரியாகவே கிடக்கும். அதற்குப் பெரெயோனா என்று பெயர். பறவைகள் வருவதற்கு அந்தத் தண்ணீர் வேண்டும், வாத்து வேட்டைக்காரர்களுக்கும் வேண்டும்.

ஆக, செப்டம்பர் கடைசியிலிருந்து நவம்பர் தொடக்கம் வரை எரிப்பு. தினமும் எரிக்க முடியாது. அனுமதித்த நாளில், பகல் நேரத்தில், காற்று ஒத்துவந்தால் எரிக்கலாம். விதி அப்படித்தான். ஆனால் மழை வரப்போகிறது என்று தெரிந்தால், அனுமதி கிடைத்த நாளில் எல்லோரும் ஒரே நேரத்தில் கொளுத்துவார்கள். எரியும்போது வரும் வெள்ளைப் புகையைவிட, சாயங்காலம் அணைந்தும் அணையாமலும் புகைந்துகொண்டு கிடக்கும் ஈர வைக்கோல்தான் மோசம். இரவு ஒன்பது மணிக்குத் தெருவிளக்கைச் சுற்றி மஞ்சளாக ஒரு வட்டம் தெரிந்தால் நான் சன்னலைச் சாத்திவிடுவேன்.

குளிர்காலத்தில் ஆரஞ்சு மரங்களைக் கவாத்து செய்த குச்சிகளை எரிப்பார்கள். வீடுகளில் விறகு அடுப்பு உண்டு. மார்ச்சில் ஃபாயாஸ் திருவிழா, அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். ஏப்ரலில் ஆரஞ்சுப் பூ வாசம். அந்த மாதத்துக்காகவே இந்த ஊரில் இருக்கலாம்.

காவிரிக்கரை:

அம்மா, எனக்கு ஒன்று புரியவில்லை. 75,000 டன் வைக்கோலைக் கொளுத்துகிறார்களா? திருவாரூர்ப் பக்கம் அறுவடை முடிந்த மறுநாளே கட்டு மெஷின் வந்துவிடும். உருளை உருளையாகக் கட்டி லாரியில் ஏற்றினால் கேரளா வரைக்கும் போகும். மாட்டுக்குப் போட்டால் தீர்ந்தது. அந்த ஊரில் மாடு இல்லையா?

ரிபேராவாசி:

ஐயா, மாடு இல்லை. இங்கே பால்மாட்டுப் பண்ணை என்று சொல்லும்படி ஒன்றும் கிடையாது. கால்நடை உள்ள மேட்டுப் பகுதிகளுக்கு ஓரளவு போகிறது, ஆனால் ஏற்றுக்கூலி வைக்கோலின் விலையைத் தாண்டிவிடுகிறது. நெல்வைக்கோலில் சிலிக்கா அதிகம், கோதுமை வைக்கோலையும் பார்லி வைக்கோலையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு யாரும் இதைத் தேடி வருவதில்லை.

அதைவிடப் பெரிய சிக்கல் ஈரம். உங்கள் பக்கம் சம்பா அறுவடை தை, மாசியில் நடக்கும். வெயில் அடிக்கும், தரை இறுகியிருக்கும், கட்டு மெஷின் ஓடும். குறுவை வைக்கோல் மழையில் மாட்டினால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியாததா? இங்கே ஒவ்வொரு வருடமும் குறுவை மாதிரிதான். மத்தியதரைக் கடல் ஓரத்தில் மழை கொட்டும் பருவமே செப்டம்பரும் அக்டோபரும். ஏரிக்கரை நிலம், சில வயல்கள் கடல்மட்டத்தை ஒட்டிக் கிடக்கின்றன. சக்கரம் வைத்த கட்டு மெஷின் இறங்கினால் அப்படியே புதையும்.

காவிரிக்கரை:

புரிந்தது. குறுவையில் நாங்களும் வைக்கோலை வயலிலேயே மடக்கி உழுதுவிடுவதுதான். தண்ணீரைக் கட்டிக் கேஜ் வீல் போட்டு மிதித்தால் இருபது நாளில் மட்கிவிடும். அங்கேதான் நவம்பரில் தண்ணீர் கட்டுகிறார்களே, அப்படியே மிதித்து விடலாமே?

நெல்லும்மண்ணும்:

ஐயா கேட்ட கேள்வியில்தான் இந்த ஊரின் சண்டையே இருக்கிறது. நான் மண் நுண்ணுயிரியல் படித்தவன், வலென்சியாவில் சில காலம் வேலை பார்த்திருக்கிறேன்.

கேஜ் வீல் போட்டு மிதிப்பது அங்கேயும் உண்டு, ஃபங்கேஜார் என்பார்கள். டிராக்டருக்கு அதே கம்பிச் சக்கரம்தான். ஆனால் தஞ்சாவூர்த் தண்ணீரின் சூடும் நவம்பர் வலென்சியாத் தண்ணீரின் சூடும் ஒன்றில்லை. குளிர்ந்த நீரில் வைக்கோல் சீக்கிரம் மட்காது. மட்குவதற்குள் தண்ணீரில் இருக்கும் ஆக்ஸிஜன் தீர்ந்துவிடும். அறுவடை முடிந்த சூட்டோடு, இன்னும் வெதுவெதுப்பாக இருக்கும் அக்டோபரில் மழைத் தண்ணீர் வயலில் தேங்கினால் அதைவிட மோசம். தண்ணீர் கறுத்துப்போய் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அந்தத் தண்ணீர் வாய்க்காலில் இறங்கினால் மடவை, கெண்டை, விலாங்கு எல்லாம் மூச்சுக்குத் தத்தளித்து மேலே வந்து செத்து மிதக்கும். அது கடைசியில் அல்புஃபேராவுக்குத்தான் போய்ச் சேர்கிறது. 1986 முதல் இயற்கைப் பூங்கா, ஏற்கெனவே உரமும் கழிவும் சேர்ந்து பச்சையாகிப்போன ஏரி. ஆழம் சராசரியாக ஒரு மீட்டர்தான், தாங்காது. ஆக்ஸிஜன் இல்லாத சேற்றில் மீத்தேனும் உண்டாகிறது.

கொளுத்தினால் காற்று கெடுகிறது, முக்கினால் தண்ணீர் கெடுகிறது. எரிக்கத் தடை இறுகும் வருடங்களில் மீன் செத்த படங்கள் செய்தித்தாளில் வரும், தளர்த்தும் வருடங்களில் புகை மூட்டப் படங்கள் வரும்.

நேர்கோடு:

இவ்வளவு பேசுவானேன்? எரிப்பதைச் சட்டம் தடுக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் பொது வேளாண் கொள்கையில் மானியம் வாங்குபவர் அடித்தாளை எரிக்கக் கூடாது என்று தெளிவாக இருக்கிறது. ஸ்பெயினின் 2022-ஆம் வருடத்துக் கழிவுச் சட்டமும் அதையே சொன்னது. மானியத்தை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு ஊரார் மூச்சில் புகையை விடுவது என்ன நியாயம்? அபராதம் போட்டால் அடுத்த வருடம் ஒருவரும் கொளுத்த மாட்டார்.

நெல்லும்மண்ணும்:

சட்டத்தை முழுதாகப் படித்தால் அவ்வளவு நேராக இல்லை. வேளாண் கொள்கையின் நிபந்தனையில் பயிர்நலக் காரணத்துக்கு விலக்கு உண்டு. கழிவுச் சட்டம் 7/2022 வந்த அதே வருடக் கடைசியில் திருத்தினார்கள், சிறு, குறு பண்ணைகளுக்கு அனுமதியோடு எரிக்க வழி விட்டார்கள். வலென்சியா நெல் விவசாயிகளில் பெரும்பாலானவர்கள் சிறு நிலக்காரர்கள்.

பயிர்நலக் காரணம் வெறும் சாக்கும் இல்லை. குலைநோய்ப் பூஞ்சை வைக்கோலிலும் தாளிலும் தங்கி அடுத்த பருவத்துக்குப் போகும். தண்டுத் துளைப்பான் புழு குளிர்காலத்தைத் தாளுக்குள்ளேயே கழிக்கும். அந்தப் புழுவை அவர்கள் வயலில் இனக்கவர்ச்சி மணத்தைப் பரப்பி, ஆண் அந்துப்பூச்சி துணையைக் கண்டுபிடிக்க முடியாதபடி குழப்பி, மருந்து அடிக்காமலே அடக்கி வைத்திருக்கிறார்கள், அதைப் பாராட்ட வேண்டும். குலைநோய்க்குத்தான் கை கட்டியிருக்கிறது. நம் விவசாயிகள் அடிக்கும் ட்ரைசைக்ளசோல் மருந்துக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2016-இல் அனுமதி மறுத்துவிட்டது. பொம்பா மாதிரியான பழைய ரகங்களுக்குக் குலைநோய் சட்டென்று பிடிக்கும். நல்ல விலை போவதும் அந்த ரகம்தான்.

நேர்கோடு:

அப்படியானால் ஏழு வயதுக் குழந்தை புகையைக் குடிக்கட்டும், பொம்பா அரிசிக்கு நோய் வராமல் இருந்தால் போதும் என்கிறீர்களா?

ரிபேராவாசி:

தம்பி, அவர் அப்படிச் சொல்லவில்லை. உங்கள் கோபம் எனக்கும் உண்டு. எதிர் வீட்டுத் தாத்தாவுக்கு நாள்பட்ட மூச்சுக்குழாய் நோய், ஆக்ஸிஜன் இயந்திரத்தோடு இருக்கிறார். அக்டோபரில் அவர் வீட்டுக் கதவு திறப்பதே இல்லை. அவரும் வாழ்நாள் முழுக்க நெல் விவசாயிதான். அவர் பிள்ளைகள்தான் இப்போது அந்த வயலைப் பார்க்கிறார்கள், தேவைப்பட்டால் எரிக்கவும் செய்கிறார்கள். இங்கே புகை போடுகிறவரும் புகையில் இருமுகிறவரும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள்.

அபராதம் போட்டால் கொளுத்த மாட்டார்கள், சரி. அப்போது வைக்கோல் வாய்க்காலில் அழுகும். வைக்கோலை வயலை விட்டு வெளியே எடுப்பது ஒன்றுதான் இரண்டுக்கும் வழி. சக்கரத்துக்குப் பதில் பட்டைச் சங்கிலி பூட்டிய கட்டு இயந்திரங்கள் சேற்றிலும் போகும். எடுத்த வைக்கோலை ஆரஞ்சு மரத்தடியில் மூடாக்காகப் போடலாம், மாட்டுத் தொழுவத்தில் பரப்பலாம், காட்டுத்தீ எரித்த மலைச்சரிவுகளில் மண் அரிக்காமல் விரிக்கலாம். இவை எல்லாவற்றையும் சிறிய அளவில் செய்து பார்த்துவிட்டார்கள். நடக்கும் என்று தெரியும். செலவை யார் ஏற்பது என்பதில்தான் நிற்கிறது. நெல் விற்கிற விலையில் விவசாயியால் முடியாது. ஏரியைக் காப்பது பொதுக்காரியம், காற்றைக் காப்பதும் பொதுக்காரியம், அப்புறம் வைக்கோல் எடுக்கும் கூலி மட்டும் எப்படித் தனியார் செலவாகும்? எரிக்காமல் இருப்பதற்குத் தருகிற மானியத்தைவிட, வெளியே எடுத்துக்கொண்டுபோய்ச் சேர்த்த வைக்கோலுக்கு எடைபோட்டுக் காசு கொடுத்தால் புகை குறையும் என்பது என் எண்ணம்.

இன்னொன்று, தண்ணீர் கட்டும் தேதி. ஈரம் அதிகமான வருடங்களில் இரண்டு வாரம் தள்ளிப் போட்டால்கூட வைக்கோல் காயவும் எடுக்கவும் நேரம் கிடைக்கும். வேட்டைக்காரர்கள் சங்கங்கள் இதற்கு இறங்கி வர வேண்டும். அதைப் பேச இங்கே பலருக்குத் தயக்கம், ஏனென்றால் வயல்காரர்களில் பாதிப் பேர் துப்பாக்கியும் வைத்திருக்கிறார்கள். நவம்பர் வேட்டை தாத்தா காலத்து வழக்கம்.

காற்றுமானி:

நான் காற்றுத்தரத் தரவுகளோடு வேலை செய்கிறவன். புதுவரவு அவர்களுக்கு உபயோகமான விஷயத்தை முதலில் சொல்கிறேன்.

அக்டோபரில் அந்தக் கடற்கரையில் இரவும் விடியற்காலையும் தரைக்காற்று, மேற்கிலிருந்து கடல் பக்கம் வீசும். பத்து, பதினொரு மணிக்கு மேல் திரும்பி, மதியம் கடற்காற்று உள்ளே வரும். நெல்வயல்கள் பெரும்பாலும் ஊருக்குக் கிழக்கிலும் வடக்கிலும் இருக்கின்றன. ஆகவே மதியத்துக்கு மேல் எரியும் வயலின் புகை ஊருக்குள்ளும், அதற்கும் மேற்கே அல்ஜெமெசி, அல்சீரா பக்கமும் போகும். தென்கிழக்குக் காற்றாக இருந்தால் வடக்கே வலென்சியா நகரத்துக்கே போகும். சூரியன் சாய்ந்ததும் தரை குளிர்ந்து, அதன்மேல் கொஞ்சம் சூடான காற்று மூடியாக உட்கார்ந்துகொள்ளும். மிச்சப் புகை அந்த மூடிக்குக் கீழேயே தங்கும். குழந்தையை வெளியே விளையாட விடக் கூடாத நேரம் மாலை ஆறு மணியிலிருந்து இரவு. பலரும் மதியம் புகை எழும்புவதைப் பார்த்துப் பயந்து, மாலை கண்ணுக்குத் தெரியாததும் சன்னலைத் திறந்துவிடுகிறார்கள்.

அடுத்தது, எண்கள். வருட சராசரியைப் பார்த்தால் இந்த மாதிரி ஊர்கள் நல்ல ஊர்களாகவே தெரியும். சில வாரப் புகை 365 நாளில் கரைந்துவிடும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2008-ஆம் வருட விதியில் பி.எம் 2.5 நுண்துகளுக்கு வருட வரம்பு மட்டும்தான் இருக்கிறது, கன மீட்டருக்கு 25 மைக்ரோகிராம். நாள் வரம்பே கிடையாது. 2024-இல் கொண்டுவந்த புதிய விதிதான் முதன்முறையாக நாள் வரம்பு வைக்கிறது: 25 மைக்ரோகிராம், வருடத்துக்கு 18 நாளுக்கு மேல் தாண்டக் கூடாது. வருட வரம்பும் 10 ஆகக் குறைகிறது. இரண்டும் 2030-இல் எட்ட வேண்டியவை. உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வழிகாட்டி இன்னும் கடுமையானது, நாளுக்கு 15, வருடத்துக்கு 5. வைக்கோல் புகைக்கு நாள் கணக்கே போதாது என்பது என் கருத்து. மாலை இரண்டு மணி நேரம் உச்சத்துக்குப் போய் இறங்கினால் நாள் சராசரியிலும் அது மறைந்துவிடும். ஆஸ்துமாக்காரருக்கு அந்த இரண்டு மணி நேரம்தான் பிரச்சினை. அந்த வாரங்களில் மட்டுமாவது வயலோர ஊர்களுக்குள் நடமாடும் அளவுக்கருவியைக் கொண்டுவந்து நிறுத்தி, மணிக்கொருமுறை எண்ணை வெளியிட வேண்டும்.

புதுவரவு:

எல்லோருக்கும் நன்றி. காற்றுமானி அண்ணா, வீட்டில் வைக்கும் சிறிய கருவி ஒன்று வாங்கலாமா? அதை நம்பலாமா? அப்புறம், மற்ற மாதங்களைப் பற்றியும் கேட்டிருந்தேன்.

காற்றுமானி:

வாங்கலாம், ஆனால் அதன் குணம் தெரிந்து வாங்குங்கள். விலை குறைந்த கருவிகள் லேசர் ஒளி சிதறுவதை வைத்துத் துகளை எண்ணுகின்றன. ஈரப்பதம் ஏறினால் துகள் தண்ணீரைக் குடித்துப் பருத்துவிடும், கருவி கூட்டிச் சொல்லும். நவம்பரில் வயலெல்லாம் தண்ணீர் நிற்க, காலையில் மூடுபனி இறங்கும்போது கருவி பயங்கரமான எண் காட்டும். ஈரப்பதமும் காட்டும் கருவியாகப் பார்த்து வாங்குங்கள். 90 விழுக்காட்டுக்கு மேல் ஈரமிருந்தால் அந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒன்றை வீட்டுக்குள்ளும் ஒன்றை மாடியிலும் வைத்தால் சன்னல் எவ்வளவு அடைக்கிறது என்பது தெரியும்.

மற்ற மாதங்களுக்கு வருகிறேன். சஹாராத் தூசு எந்தப் பருவத்திலும் வரும், பிப்ரவரி, மார்ச்சில் வருவது சில நேரம் மிகக் கடுமை. 2022 மார்ச் நடுவில் செலியா புயலோடு வந்ததில் ஸ்பெயினின் பெரும்பகுதிக்கு மேல் வானம் செம்மஞ்சளாகிவிட்டது. வலென்சியாவில் மழை சேறாகப் பெய்தது, அதுவும் ஃபாயாஸ் வாரத்தில். அந்தத் தூசு நாட்களை வரம்பு மீறல் கணக்கிலிருந்து கழித்துக்கொள்ள ஐரோப்பிய விதி இடம் தருகிறது, இயற்கையாக வருவது என்பதால். கணக்கில் கழித்தாலும் மூச்சில் கழியாது. வானிலைத் துறையின் தூசு முன்கணிப்பு இரண்டு மூன்று நாள் முன்பே கிடைக்கும், அதைப் பார்த்து வையுங்கள்.

கோடையில் ஓசோன், வண்டிப்புகையில் வெயில் பட்டுத் தரைக்குப் பக்கத்திலேயே உண்டாகி மூச்சுக்குழாயை உறுத்தும் வாயு. இது எனக்கு மிகவும் பிடித்த விஷயம், கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். வலென்சியாவில் சியாம் என்ற மத்தியதரைக் கடல் சுற்றுச்சூழல் ஆய்வு மையம் இருக்கிறது. அதை நடத்திய மில்லான் மில்லான் என்ற விஞ்ஞானி 1990-களில் ஒன்றைக் காட்டினார். பகலில் கடற்காற்று நகரத்தின் வண்டிப்புகையையும் துறைமுகப் புகையையும் உள்ளே தள்ளுகிறது. மலைச்சரிவு வெயிலில் சூடாகி அதை மேலே இழுக்கிறது. மேலே போனது திரும்பிக் கடலுக்கு மேல் அடுக்கடுக்காக நிற்கிறது. மறுநாள் கடற்காற்றோடு மறுபடி உள்ளே வருகிறது. நேற்றைய அழுக்கின்மேல் இன்றைய அழுக்கு, நடுவில் ஜூலை வெயில். வட ஐரோப்பாவில் கடலிலிருந்து வரும் காற்று அழுக்கைத் துடைத்துக்கொண்டு போகும், இங்கே அது சுற்றிச் சுற்றி வருகிறது. அதனால் ஓசோன் அதிகம் காண்பது கடலோர நகரத்தில் இல்லை, உள்நாட்டு மலைக் கிராமங்களில். வண்டியே ஓடாத ஊரில் நகரத்தைவிட ஓசோன் கூடுதல் என்றால் முதலில் யாரும் நம்புவதில்லை. சுவேக்கா கரையோரம் என்பதால் கொஞ்சம் தப்பிக்கும். கோடையில் மதியம் பன்னிரண்டிலிருந்து ஆறு வரை ஓடியாடி விளையாடாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

மூச்சுத்துணை:

நான் வலென்சியாவில் மருத்துவமனையில் செவிலியர். சுவாசப் பிரிவில்தான் வேலை. புதுவரவு, என் அனுபவத்தில் புகை மாதத்தில் தடுமாறுவது பெரும்பாலும் தினசரித் தடுப்பு இன்ஹேலரைக் கோடையில் நிறுத்திவிட்ட குழந்தைகள். ஜூலையில் நன்றாக இருக்கிறது என்று விட்டுவிடுவார்கள், அக்டோபரில் மூச்சுத் திணறும்போது அடிக்கும் நீல இன்ஹேலரைத் தேடுவார்கள். கிளம்புவதற்கு முன் உங்கள் மருத்துவரைப் பார்த்து, எழுத்தில் ஒரு திட்டம் வாங்கிக்கொள்ளுங்கள்: சாதாரண நாளில் என்ன, இருமல் தொடங்கினால் என்ன, எப்போது அவசரப் பிரிவுக்கு ஓட வேண்டும். மருந்தின் வேதிப் பெயரோடு வேண்டும், இந்திய வணிகப் பெயர்கள் இங்கே யாருக்கும் தெரியாது. இன்ஹேலரில் மாட்டும் ஸ்பேசர் குழாயைப் பெட்டியில் போடாமல் கைப்பையில் வையுங்கள்.

புகை நாட்களில் துணி முகக்கவசம் பயன்படாது, எஃப்எஃப்பி2 வகைதான் நுண்துகளைத் தடுக்கும், குழந்தை அளவிலும் கிடைக்கும். படுக்கையறைக்கு மட்டும் ஹெப்பா வடிகட்டி வைத்த காற்றுச் சுத்திகரிப்பான் ஒன்று வாங்குங்கள். வீடு முழுக்கத் தேவையில்லை, அவள் தூங்கும் அறை போதும்.

செப்டம்பரை லேசாக நினைக்காதீர்கள். அறுவடைத் தூசியோடு ஆல்டர்னேரியா என்ற பூஞ்சையின் வித்துகள் காற்றில் ஏறும். ஆஸ்துமாவைக் கடுமையாகத் தூண்டக்கூடியது அது. உங்கள் மகளுக்கு ஒவ்வாமைப் பரிசோதனை செய்திருந்தால் அதில் இந்தப் பெயர் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் செப்டம்பரிலிருந்தே கவனம் வேண்டும். ஆரஞ்சுப் பூவைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அதன் மகரந்தம் கனமானது, தேனீதான் சுமக்கும். ஏப்ரலில் தும்மினால் பெரும்பாலும் காரணம் பழைய சுவர் இடுக்குகளில் முளைக்கும் பரியேத்தாரியா செடி. மே மாதம் ஒலிவ மகரந்தம்.

விளைபொருள் தூசு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இந்த நாட்டிலேயே பெரிய உதாரணம் உண்டு. 1980-களில் பார்சலோனாவில் சில குறிப்பிட்ட நாட்களில் திடீரென்று ஆஸ்துமாக்காரர்கள் கும்பலாக அவசரப் பிரிவுக்கு வந்தார்கள், சிலர் இறந்தும் போனார்கள். ஜோசெப் மரியா அந்தோ தலைமையில் துப்புத் துலக்கினார்கள். துறைமுகத்தில் சோயா மொச்சை இறக்கிய நாட்களோடு அந்த நாட்கள் பொருந்தின. கிடங்கின் மேல் வடிகட்டி இல்லாததால் தூசு ஊருக்குள் வந்திருக்கிறது. வடிகட்டி பொருத்தியதும் அந்த அலை நின்றது. காரணத்தை நாள் வாரியாகத் தேடினார்கள், கண்டுபிடித்தார்கள், செலவு செய்து அடைத்தார்கள். சுவேக்காவில் காரணத்தைத் தேட வேண்டியதே இல்லை, எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

ரிபேராவாசி:

ஃபாயாஸ் பற்றி எழுதுகிறேன் என்றேனே. மார்ச் 1 முதல் 19 வரை வலென்சியா நகரத்தில் தினமும் மதியம் இரண்டு மணிக்கு மஸ்கிளெத்தா என்ற வெடிமுழக்கம். 19 இரவு, தெருத்தெருவாக நிறுத்திய பிரம்மாண்டப் பொம்மைகளைக் கொளுத்துவார்கள். சுவேக்காவிலும் உண்டு. யுனெஸ்கோ 2016-இல் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த விழா, பார்க்க வேண்டிய அழகு. ஆனால் முன்பு மரமும் அட்டையுமாக இருந்த பொம்மைகள் இப்போது பெரும்பாலும் வெள்ளை தெர்மாகோல். அந்தக் கறுப்புப் புகை உங்கள் மகளுக்கு வேண்டவே வேண்டாம். பகலில் பொம்மைகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு 19 மாலையில் வேறு ஊருக்குப் போய்விடுங்கள். பள்ளி விடுமுறைதான், இங்கே பல குடும்பங்கள் அப்படிச் செய்கின்றன.

பக்கத்து ஊர்களில் வீடு பார்க்கும் எண்ணம் இருந்தால் இன்னொரு விஷயம். 2024 அக்டோபர் 29 வெள்ளத்துக்குப் பிறகு கத்தரோஹா, பைப்போர்த்தா பக்கம் சேறு காய்ந்து மாதக்கணக்கில் தூசாகப் பறந்தது. முகக்கவசம் போடச் சொல்லி அரசே அறிவித்தது. தரைத்தள வீடு என்றால் வெள்ளத்தில் மூழ்கியதா, சுவரில் ஈரமும் பூசணமும் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு எடுங்கள்.

நேர்கோடு:

வைக்கோலை எடைபோட்டுக் காசு கொடுப்பது பற்றி அக்கா சொன்னதை யோசித்துப் பார்த்தேன். அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் வழி செய்து கொடுத்த பிறகும் எரிப்பவருக்கு அபராதம் கட்டாயம் இருக்க வேண்டும். வழியும் கொடுத்து, விதியையும் தளர்த்தினால் யாரும் வைக்கோலை எடுக்க மாட்டார்கள்.

ரிபேராவாசி:

அதை நானும் ஒப்புக்கொள்கிறேன், தம்பி. முதலில் இயந்திரம், பிறகு அபராதம். அந்த வரிசை மாறினால் மீன் சாகும்.

காவிரிக்கரை:

அம்மா, அந்தப் பட்டைச் சங்கிலி பூட்டிய கட்டு மெஷின் படம் இருந்தால் போடுங்கள். எங்கள் பக்கம் ஐப்பசி அறுவடையில் சேற்றில் அறுக்கிற மெஷின் பெல்ட்டில் வருகிறது, கட்டுகிற மெஷின் வரவில்லை. வந்தால் குறுவை வைக்கோலும் மிஞ்சும்.

புதுவரவு:

இரண்டு கேள்விகளோடு முடித்துக்கொள்கிறேன். ஊருக்குள் எந்தப் பக்கம் வீடு எடுத்தால் நல்லது? முதல் இரண்டு மாதம் நகரத்தில் தங்கிவிட்டு, நவம்பர் நடுவில் சுவேக்கா வரலாமா என்றும் யோசிக்கிறோம். அது சரிவருமா?

ரிபேராவாசி:

பக்கம் பார்த்துப் பெரிய பயன் இல்லை, சின்ன ஊர், சாயங்காலப் புகை எல்லாத் தெருவுக்கும் வரும். வீட்டைத்தான் பார்க்க வேண்டும். இங்கே சன்னல்களுக்குப் பெர்சியானா என்று சுருட்டித் திரை இருக்கும். அந்தத் திரை சுருண்டு உட்காரும் பெட்டி சன்னலுக்கு மேலே சுவருக்குள் இருக்கும். பழைய வீடுகளில் அதன் மூடி இடுக்கு வழியாகத்தான் காற்று புகும். சன்னலைச் சாத்திவிட்டுக் கையை அந்த மூடிக்குக் கீழே வைத்துப் பாருங்கள், காற்று படும். நுரைப் பட்டை வாங்கி ஒட்டினால் பாதிக்கு மேல் நிற்கும், செலவும் அதிகமில்லை. பக்கத்து வீட்டில் விறகு அடுப்புப் புகைபோக்கி உங்கள் படுக்கையறைச் சன்னல் உயரத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள், ஜனவரியில் அதுதான் தொல்லை.

நகரத்தில் தங்குவது புகைக்கு நல்லது, பள்ளிக்குச் சிரமம். செப்டம்பர் முதல் பாதியில் பள்ளி திறந்துவிடும். சேர்க்கைக்கு வீட்டு முகவரிப் பதிவு வேண்டும், அதை வைத்துத்தான் சுகாதார அட்டையும் குழந்தை மருத்துவரும் கிடைப்பார்கள். இரண்டு மாதத்தில் முகவரியை மாற்றினால் எல்லாவற்றையும் மறுபடி தொடங்க வேண்டும். நான் உங்கள் இடத்தில் இருந்தால் செப்டம்பரிலேயே சுவேக்காவில் பதிவு செய்துகொண்டு, மருத்துவரைப் பார்த்து மருந்துத் திட்டத்தைக் காட்டிவிட்டு, எரிப்பு அனுமதித்த நாட்களில் மட்டும் பள்ளி முடிந்ததும் ரயிலேறி வலென்சியா போய்விடுவேன். உங்கள் கணவரும் அங்கேதானே இருப்பார், சேர்ந்து திரும்பி வரலாம். தென்கிழக்குக் காற்று அடிக்கும் நாளில் மட்டும் அங்கேயும் பயனில்லை, அன்றைக்கு அறைக்குள் இருந்துவிடுங்கள். அவசரம் என்றால் 112. எங்களுக்கான பெரிய மருத்துவமனை அல்சீராவில் இருக்கிறது. கிளம்பும் தேதியைத் தனிமடலில் சொல்லுங்கள், முகவரிப் பதிவுக்கு நான் கூட வருகிறேன்.